அரசாங்கக் கொள்வனவும் சமூகப் பெறுமதியும்: பிரித்தானிய அனுபவம்

அரசாங்கம் சீருடை வாங்குகின்றது. பாடசாலைக்கு உணவு வாங்குகின்றது. வீதியமைக்கக் கேள்விப்பத்திரம் கோருகின்றது. மிகக் குறைந்த விலை கூறியவருக்கே ஒப்பந்தம் என்பது நீண்டகால வழக்கு. அவ்விலை யாருடைய கூலியைக் குறைத்ததால் குறைந்தது என்னும் வினாவுக்கு அவ்வழக்கில் இடமில்லை. இவ்வினாவை எழுப்ப முற்பட்ட பிரித்தானியாவின் அனுபவம் ஆராயத்தக்கது.

வழங்குநரிடம் சமூகப் பெறுமதியை எதிர்பார்த்தல் அண்மைக்காலச் சிந்தனை எனக் கருதுவோர் பலர். அது சரியன்று. 1888 முதல் 1890 வரை பிரபுக்கள் சபையின் தெரிவுக்குழு, தொழிலாளரைக் கசக்கிப் பிழியும் தொழில்முறையை விசாரித்தது. 1889 இல் இலண்டன் கல்விச் சபை தன் ஒப்பந்தங்களில் நியாயக் கூலி நிபந்தனையைச் சேர்த்தது. 1891 பெப்ரவரியில் சிட்னி பக்ஸ்டன் கொண்டுவந்த நியாயக் கூலித் தீர்மானத்தைப் பொதுமக்கள் சபை ஏற்றது. அரசாங்க ஒப்பந்தகாரர் அத்தொழிலில் வழங்கும் கூலியைக் கொடுத்தல் வேண்டும். உப ஒப்பந்தத்தின் மூலம் நிகழும் முறைகேடு தடுக்கப்படல் வேண்டும் என்பனவே அதன் சாரம். அது சட்டமன்று, சபைத் தீர்மானமே. ஆயினும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 1946 ஆம் ஆண்டுத் திருத்தம் தொழிற்சங்கத்திற் சேரும் சுதந்திரத்தையும் ஒப்பந்தகாரர் ஏற்கவேண்டும் என்றது. 1949 இல் சர்வதேசத் தொழில் நிறுவனம் நிறைவேற்றிய 94 ஆம் இலக்கச் சமவாயமும் இவ்வழிப்பட்டதே.

1982 இல் பிரித்தானியா அச்சமவாயத்திலிருந்து விலகியது. 1983 இல் தீர்மானமும் செயலற்றது. 1988 ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம் ஒருபடி மேற்சென்று, ஒப்பந்தகாரரின் தொழிலாளர் நிலைமை போன்ற 'வணிகமல்லா விடயங்களை' மன்றங்கள் கருத்திற் கொள்வதையே தடைசெய்தது.

பின்னர் வந்தது 2012 ஆம் ஆண்டுச் சமூகப் பெறுமதிச் சட்டம். கிறிஸ் வைற் என்னும் உறுப்பினர் கொண்டுவந்த இத்தனியார் மசோதா 2013 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால், அது 'கருத்திற் கொள்க' என்று மாத்திரமே பணித்தது. கருத்திற் கொண்டபின் ஒதுக்கிவிடுதலும் சட்டத்துக்கு அமைவானதே! இக்குறையை ஓரளவு நீக்க, 2021 சனவரி முதல் மத்திய அரசின் திணைக்களங்கள் சமூகப் பெறுமதிக்கு மொத்தப் புள்ளிகளில் 10 வீதமேனும் ஒதுக்கவேண்டும் எனப் பணிக்கப்பட்டது.

பத்து வீதம் எவ்வளவு வலியது? விலைக்கு 40, தரத்துக்கு 50, சமூகப் பெறுமதிக்கு 10 எனக் கொள்வோம். ஒருவர் 100 பவுணும் மற்றவர் 125 பவுணும் கோருகின்றனர், தரம் சமன். மிகக் குறைந்த விலைக்கு முழுப்புள்ளியும் ஏனையவற்றுக்கு விகிதப்படியும் வழங்கின், முன்னவருக்கு 40, பின்னவருக்கு 32. நியாயமான கூலி கொடுத்ததாலேயே பின்னவரின் விலை உயர்ந்திருப்பினும், சமூகப் பெறுமதியில் 8 புள்ளி முந்தினாலன்றி அவர் சமநிலையேனும் அடையார். முன்னவரோ திறமையான எழுத்தாளரைக் கொண்டு அழகிய வாக்குறுதிகளை எழுதுவித்து அவ்விடைவெளியைச் சுருக்கிவிடலாம். சிறு வழங்குநருக்கு அவ்வசதி ஏது?

லங்காஷயர்ப் பகுதியிலுள்ள பிறெஸ்ரன் நகரம் வேறு வழியை நாடியது. அங்குள்ள மன்றங்கள், கல்லூரிகள், பொலிஸ், வீடமைப்புச் சங்கம் ஆகிய ஆறு நிறுவனங்கள் தாம் செலவிடும் பணம் எங்கே செல்கின்றது என முதலிற் கணக்கிட்டன. 2012/13 இல் நகருக்குள் தங்கியது 5 வீதமே; 2016/17 இல் அது ஏறத்தாழ 18 வீதமாயிற்று. பாடசாலை உணவுக்கான பெரிய ஒப்பந்தம் தயிர், முட்டை, பாற்கட்டி, பால் எனக் கூறுகளாக்கப்பட்டது. அவ்வட்டாரப் பண்ணைகளிலிருந்து பொருள் பெறும் உள்ளூர் வழங்குநர் அவற்றைப் பெற்றனர். இங்கு வாக்குறுதி எதுவும் கோரப்படவில்லை. ஒப்பந்தத்தின் அளவு மாற்றப்பட்டது. புள்ளியிடும் முறையினும் இது பயன்மிக்கது என்பது என் கருத்து.

2025 பெப்ரவரி 24 முதல் நடைமுறையிலுள்ள புதிய கொள்வனவுச் சட்டம், 50 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களிற் பெரும்பாலானவற்றுக்கு மூன்று செயற்றிறன் அளவுகோல்களேனும் வகுத்து, ஆண்டுதோறும் மதிப்பிட்டு வெளியிடவேண்டும் என்கின்றது. அம்மூன்றில் ஒன்றேனும் தொழிலாளரின் கூலி பற்றியதாக இருத்தல் வேண்டும் என அச்சட்டம் கூறவில்லை.