வெயிலைக் கேட்டுக் கட்டிய வீடுகள்

வட கிரேக்கத்தில் ஒலிந்தஸ் என்றொரு நகரம் இருந்தது. கி.மு. 348-இல் மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப் அதை அழித்தான். அதற்குப் பிறகு அந்த இடத்தில் புது நகரம் ஏதும் எழவில்லை. அதனால் வீடுகளின் அடித்தளங்கள் மண்ணுக்குள் பத்திரமாகக் கிடந்தன. 1928-இல் அமெரிக்கத் தொல்லியலாளர் டேவிட் ராபின்சன் அங்கே அகழாய்வைத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் வெளிப்பட்டன. பெரும்பாலானவற்றில் ஒரே ஒழுங்கு: தெற்கே முற்றம், அதற்கு வடக்கே தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டிப் புழங்கும் அறைகள். முக்கியமான அறைகள் தெற்கைப் பார்த்திருந்தன.

இதற்கான விளக்கத்தை சாக்ரடீஸே சொன்னதாக அவருடைய மாணவர் செனபோன் எழுதி வைத்திருக்கிறார். தெற்கு பார்த்த வீட்டில் குளிர்காலச் சூரியன் தாழ்வாரத்துக்குள் நுழையும். கோடையில் அதே சூரியன் கூரைக்கு மேலாகப் போய்விடுவதால் உள்ளே நிழல் கிடைக்கும் என்பது அவர் வாதம்.

கணக்கும் அவர் பக்கம்தான். ஒலிந்தஸ் ஏறத்தாழ 40 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் நண்பகலில் சூரியன் அங்கே சுமார் 26 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். ஜூனில் 73 டிகிரி வரை ஏறும். தாழ்வாரத்தின் கூரை நீளத்தைச் சரியாக அமைத்துவிட்டால், தாழ்ந்த குளிர்கால வெயில் உள்ளே வரும், உயர்ந்த கோடை வெயில் வெளியே நிற்கும். விறகும் கரியும் தேடி எரித்துக் குளிர்காய்ந்த அந்தக் காலத்தில் இது பெரிய சேமிப்பு.

ரோமானியர்கள் இந்த அறிவைச் சட்டம் வரை கொண்டுபோனார்கள். வெயில் காய்வதற்கென்று கட்டிய அறைக்கு வரும் சூரிய ஒளியைப் பக்கத்து வீட்டுக்காரர் மறைக்கக் கூடாது என்று உல்பியன் என்ற சட்ட அறிஞர் கருத்துரைத்திருக்கிறார். அவர்களுடைய கட்டடக்கலை ஆசான் விட்ருவியஸ் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது: எகிப்தில் கட்டும் வீடும் ஸ்பெயினில் கட்டும் வீடும் ரோமில் கட்டும் வீடும் ஒன்றுபோல் இருக்கக் கூடாது.

அவர் பேச்சைக் கேட்டால், ஒலிந்தஸ் வீட்டை அப்படியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர முடியாது. நாம் இருப்பது 8 முதல் 13.5 டிகிரிக்குள். நம் ஊர்களில் சூரியன் ஏப்ரலில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மே, ஜூன், ஜூலை நண்பகலில் அது நமக்கு வடக்கே நிற்கிறது. ஆகவே நமக்கு வெப்பம் முதலில் இறங்கும் வழி கூரை. மேகமில்லாத உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஏறத்தாழ 1 கிலோவாட் சூரிய ஆற்றல் விழுகிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடிக்கு இது சுமார் 90 கிலோவாட்.

அடுத்த எதிரி மேற்குச் சுவர். கிழக்குச் சுவரிலும் அதே அளவு வெயில்தான் விழுகிறது. ஆனால் காலையில் இரவின் குளிர்ச்சி மிச்சமிருக்கும். மேற்கு வெயில் வரும்போது காற்றும் கொதித்துப் போயிருக்கும். மாலை நான்கு மணிச் சூரியன் சாய்வாக வருவதால் ஜன்னலுக்கு மேலுள்ள இரண்டடி சன்ஷேட் அதைத் தடுக்கப் போதாது. வாஸ்துவுக்காகப் படுக்கையறையைத் தென்மேற்கு மூலையில் தள்ளும் பழக்கத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்க்க வேண்டும். நாள் முழுக்கச் சூடேறிய சுவருக்குப் பக்கத்தில்தான் படுக்கிறோம்.

செட்டிநாட்டு வீடுகள் இந்த இரண்டு எதிரிகளுக்கும் விடை வைத்திருக்கின்றன. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெரு வரை நீளும் வீடுகள் பலவற்றில் நீளவாக்கு கிழக்கு மேற்காக ஓடுகிறது. அதனால் மாலை வெயில் விழும் மேற்குச் சுவர் குறுகிப்போகிறது. திண்ணை சுவருக்கு நிழல் தருகிறது. முகப்பிலிருந்து பின்கட்டு வரை நிலைகள் ஒரே நேரில் அமைந்திருப்பதால் காற்று தடையின்றி ஓடுகிறது. சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேறிப் போய்விடுகிறது. மேலே அடுக்கிய நாட்டு ஓடு மெல்லியது. இடுக்குகளில் காற்றும் புகும். வெயிலில் அது சுட்டாலும், சூரியன் மறைந்ததும் விரைவில் ஆறிவிடும்.

கான்கிரீட் தளம் இதற்கு நேர்மாறு. பகலெல்லாம் வெப்பத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, இரவில் நம் தலைக்கு மேல் இறக்குகிறது. இரவு பத்து மணிக்கும் மின்விசிறி அனலைத் தள்ளுவதற்குக் காரணம் இதுதான். கனமான கட்டுமானம் எங்கும் தவறு என்பதல்ல. ஈரானின் யாஸ்த் நகரில் தடித்த மண்சுவர்களும் காற்றுக் கோபுரங்களும் அருமையாக வேலை செய்கின்றன. அது பாலைவனம், இரவில் நன்றாகக் குளிரும், சுவர் சேர்த்த சூடு விடிவதற்குள் வெளியேறிவிடும். சென்னை, கடலூர், தூத்துக்குடியில் இரவிலும் புழுக்கம்தான். அங்கே சுவரின் கனத்தைவிட நிழலும் காற்றோட்டமும் முக்கியம்.

1902-இல் நியூயார்க்கில் ஓர் அச்சகத்தின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த வில்லிஸ் கேரியர் வடிவமைத்த இயந்திரம் ஏசியாக வளர்ந்தபின், சூரியன் எங்கே நிற்கிறது என்று கட்டடங்கள் கேட்பதை நிறுத்திக்கொண்டன. குளிர்நாடுகளுக்குப் பொருந்தும் கண்ணாடிச் சுவர் சென்னையின் ஓ.எம்.ஆர். சாலைக்கும் வந்தது. கண்ணாடி வெயிலை உள்ளே விடும். உள்ளே சூடான பொருள்கள் வெளியிடும் வெப்பக் கதிர்களை நேராக வெளியே விடாது. அந்த வெப்பத்தை மின்சாரம் செலவழித்து வெளியேற்றுகிறோம். இது வசதியல்ல, வீண்.

மாற்று வழியைக் கண்முன் கட்டிக் காட்டியவர் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர். பர்மிங்காமில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்த அவர், ஓட்டைகள் விட்டு அடுக்கிய செங்கல் சுவர்களால் வெளிச்சத்தை உடைத்து, காற்றை மட்டும் தாராளமாக உள்ளே விட்டார். செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவே வெற்றிடம் விடும் அவருடைய சுவர், செங்கல் செலவை ஏறத்தாழ கால்வாசி குறைத்தது. வெப்பம் உள்ளே கடப்பதையும் குறைத்தது.

புது வீடு கட்டப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரைபடம் போடும் பொறியாளரிடம் மாடிப்படி, குளியலறை, சாமான் அறை ஆகியவற்றை மேற்கில் வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அறையிலும் காற்று நுழைய ஒரு ஜன்னல், வெளியேற எதிரே இன்னொரு ஜன்னல் கேளுங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால், பங்குனி பிறப்பதற்குள் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பாவது அடியுங்கள். இருக்கிற வீட்டில் குறைந்த செலவில் செய்யக்கூடிய முதல் வேலை அதுதான்.