உங்களுக்குத் தெரியுமா? திருச்சபை மன்னிப்புக் கேட்டது. மூப்பர்கள் உடனே தரவில்லை

கனடாவின் பூர்வகுடி மக்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்ட திருச்சபை, கனடா ஐக்கிய திருச்சபை. 1986 ஆகஸ்டில் சட்பரி நகரில் அதன் பொதுப்பேரவை கூடியது. பூர்வகுடி மூப்பர்கள் கூட்ட அரங்கில் இல்லை. வெளியே, வாகன நிறுத்துமிடத்தில் போட்ட கூம்புக் கூடாரத்தில் காத்திருந்தார்கள். பேரவைத் தலைவர் ராபர்ட் ஸ்மித் அங்கே போய்த்தான் மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டியவர் இறங்கிப் போவதுதானே முறை!

மூப்பர்களின் பதிலில்தான் விஷயமே இருக்கிறது. மன்னிப்பைப் பெற்றுக்கொண்டார்கள்; ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லவில்லை. அந்த இடத்தில் கற்களை அடுக்கி ஒரு நினைவுக்குவியல் எழுந்தது. வேண்டுமென்றே அதை முடிக்காமல் விட்டார்கள்: சொல்லைச் செயலில் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம்.

அந்த மன்னிப்பில் உறைவிடப் பள்ளிகள் பற்றிப் பேச்சே இல்லை. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டித்த பள்ளிகள் அவை. அரசுக்காக அவற்றை நடத்தியவை திருச்சபைகள். ஐக்கிய திருச்சபையும் அதில் சேர்த்தி. அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்க 1998 வரை ஆயிற்று. 2012இல் திருச்சபை தன் சின்னத்தையே மாற்றி, பூர்வகுடி மரபின் நான்கு நிறங்களையும் மோஹாக் மொழித் தொடர் ஒன்றையும் சேர்த்தது.

இத்தகைய பள்ளிகளில் பெரும்பாலானவை கத்தோலிக்க அமைப்புகளின் பொறுப்பில் இருந்தவை. போப் பிரான்சிஸ் கனடா மண்ணுக்கே வந்து மன்னிப்புக் கேட்டது 2022 ஜூலையில், ஆல்பர்ட்டா மாகாணத்து மாஸ்க்வாசிஸில். சட்பரிக்கு 36 ஆண்டுகள் கழித்து.