சூரியனை மிஞ்சாத சூடு

பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்து, அடியில் காகிதத்தை மேலும் கீழும் நகர்த்தினால் ஒரு தூரத்தில் சின்ன வெள்ளைப் பொட்டு விழும். சற்று நேரத்தில் புகை கிளம்பும். கண்ணாடியைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் எந்தச் சூட்டையும் எட்டிவிடலாம் என்று தோன்றும். முடியாது. சூரிய மேற்பரப்பின் வெப்பநிலை ஏறக்குறைய 5,500 டிகிரி செல்சியஸ். எத்தனை வில்லைகளும் ஆடிகளும் கொண்டு அதன் ஒளியைக் குவித்தாலும், எந்தப் பொருளும் அதற்கு மேல் சூடேறாது.

காரணம் அந்தப் பொட்டிலேயே இருக்கிறது. அது புள்ளியல்ல, சூரியனின் குட்டி உருவம். வானில் சூரியன் அரை டிகிரி அகலமுள்ள வட்டு. 20 செ.மீ. குவியத் தூரமுள்ள வில்லையில் அதன் உருவம் சுமார் 2 மி.மீ. இருக்கும், குவியத் தூரம் இரட்டித்தால் உருவத்தின் அகலமும் இரட்டிக்கும். வில்லையைப் பெரிதாக்கும்போது குவியத் தூரமும் நீள்வதால், ஒளி கூடக்கூடப் பொட்டும் பரந்துவிடுகிறது.

பொட்டில் நிற்கும் எறும்புக்கு (பாவம்தான்) வில்லை முழுவதும் சூரியனாகத் தெரியும். ஆனால் சூரியப் பரப்பின் பிரகாசம் இம்மியும் கூடியிருக்காது. வானில் அது அடைக்கும் இடம்தான் கூடியிருக்கும். வானம் முழுவதையும் அடைத்துவிட்டால் அதோடு சரி, மேலே கூட்ட எதுவுமில்லை. காற்றில் அந்த உச்சம் சாதாரண வெயிலைப் போல் சுமார் 46,000 மடங்கு. அங்கே 5,500 டிகிரியை எட்டிய பொருள், வாங்கும் வெப்பம் முழுவதையும் திருப்பிக் கதிர்வீசிவிடும். அதையும் தாண்டினால், குளிர்ந்ததிலிருந்து சூடானதற்கு வெப்பம் தானாகப் பாய்ந்ததாக ஆகிவிடும். அப்படிப் பாயாது என்று 1850களில் ஜெர்மானிய இயற்பியலாளர் கிளாசியஸ் வகுத்ததே வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி.

நடைமுறை இந்த உச்சத்துக்கும் வெகு கீழே நிற்கிறது. பிரான்சின் பிரனீஸ் மலைப்பகுதியில், ஒடெய்யோவில், 1960களில் கட்டிய சூரிய உலையில் 63 தட்டை ஆடிகள் சூரியனுக்கேற்பத் திரும்பி, 54 மீட்டர் அகலமுள்ள பரவளைய ஆடிக்கு ஒளியை அனுப்புகின்றன. அங்கே கிடைப்பது சுமார் 3,500 டிகிரி.

நிலவொளியின் கதை இன்னும் பரிதாபம். முழுநிலவின் ஒளி வெயிலில் சுமார் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. 46,000 மடங்கு குவித்தாலும் சாதாரண வெயிலில் ஒன்பதில் ஒரு பங்குதான் தேறும், காகிதம் பற்றாது.

லேசருக்கு இந்த வரம்பு கிடையாது. அது சூடான பரப்பிலிருந்து வரும் ஒளியல்ல. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கற்றைகள் சின்னஞ்சிறு தங்க உருளைக்குள் பாயும்போது, அதன் உட்புறம் ஏறக்குறைய 30 லட்சம் டிகிரியை எட்டுகிறது.