சாமிக்குக் கூழ், நமக்கு?

ஆடி மாசம் அம்மன் கோயிலில் கூழ் வார்த்தால் எங்க ஊரே தூக்குவாளியோடு வரிசையில் நிற்கும். அதே கேழ்வரகுக் கூழை ஆவணியில் வீட்டில் கரைத்தால், "இது ஏழைங்க சாப்பாடு"னு பிள்ளைங்க முகம் சுளிக்குதுங்க. சாமிக்கு உகந்தது நமக்கு எப்படி மட்டமாச்சு?

ஒரு காலத்தில் நெல்லுச்சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும்தான். அந்த மரியாதையோடு ரேஷன் அரிசி அன்றாடச் சோறானது. சத்து என்றாலே டப்பாவில் வரும் மாவுதான் என்று தொலைக்காட்சி விளம்பரம் பழக்கிவிட்டது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருப்பதை யார் சொன்னாங்க? 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும், அதே கேழ்வரகு பிஸ்கட்டாகிப் பளபளப்பான உறையில் வருது.

ஊர் சாப்பிடாத பயிரை உழவன் விதைக்க மாட்டான். விதைக்காத விதை நாளடைவில் முளைக்காது. நம்ம அடுப்பில் வாரம் ரெண்டு நாளாவது கூழோ களியோ கிண்டினால்தான் நாட்டுக் கேழ்வரகு நிலத்தில் நிற்கும்.