இரட்டைக் கம்பியில் ஓடிய பஸ்

தேக்கா சந்தையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது மெக்கென்சி சாலை. 1905இல் சிங்கப்பூரில் மின்சார டிராம் ஓட்ட வந்த கம்பெனி, அதற்கான மின் நிலையத்தை இங்கேதான் கட்டியது. அடுத்த ஆண்டு ராஃபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் சாலை, போட் கீ பகுதிகளில் மின் விளக்கு எரிந்தபோது, அதற்கான கரண்டை நகராட்சி இந்த டிராம் கம்பெனியிடம்தான் விலைக்கு வாங்கியது.

இருபது ஆண்டில் தண்டவாளங்கள் தேய்ந்துபோயின. ஏழு பேர் ஏறும் ‘கொசு பஸ்கள்’ வேறு சந்துபொந்தெல்லாம் புகுந்து பயணிகளை அள்ளிக்கொண்டு போயின. புதுத் தண்டவாளம் போடப் பெருஞ்செலவாகும். ஆனால் மின் நிலையமும் தலைக்கு மேல் கம்பியும் இருக்கின்றனவே! 1925இல் உருவான சிங்கப்பூர் டிராக்‌ஷன் கம்பெனி தண்டவாளத்தைக் கைவிட்டு, கரண்டை மட்டும் வைத்துக்கொண்டது. 1926 ஆகஸ்ட் 14 அன்று, மேல்கம்பியிலிருந்து கரண்ட் எடுத்து ரப்பர் டயரில் ஓடும் டிராலிபஸ் ஓடத் தொடங்கியது. மறு ஆண்டே டிராம் நின்றது. வண்டிகள் இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் தயாரிப்பு. சில ஆண்டுகளிலேயே எண்ணிக்கை நூறைத் தொட, உலகின் பெரிய டிராலிபஸ் சேவைகளில் ஒன்றாகச் சிங்கப்பூர் பேர் வாங்கியது.

டிராமுக்கு மேலே ஒரு கம்பி போதும். மோட்டாரைச் சுழற்றிய கரண்ட், இரும்புச் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கி மின் நிலையத்துக்குத் திரும்பிவிடும். (வழியில் கொஞ்சம் மண்ணுக்குள் கசிந்து தண்ணீர்க் குழாய்களை அரிக்கும் என்பது டிராம் ஓடிய பல நகரங்களின் தலைவலி.) ரப்பர் டயர் கரண்டைக் கடத்தாது. ஆகவே போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி. அவற்றைத் தொட்டுக்கொண்டு போக, கூரைமேல் இரண்டு கம்புகள். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. டிராமின் உடம்பு தண்டவாளம் வழியாக எப்போதும் தரையோடு சேர்ந்தே இருக்கும். டிராலிபஸ்ஸின் உடம்போ ரப்பர் டயர்மேல், தரையோடு மின் தொடர்பு இல்லாமல் நிற்கிறது. உள்ளே எங்காவது மின்காப்பு கெட்டால், ஒரு காலைத் தரையில் ஊன்றி மறு காலைப் படியில் வைப்பவருக்கு ஷாக் அடிக்கும். அதனால்தான் அதற்கு இரட்டை மின்காப்பு தேவைப்பட்டது.

நாற்சந்தியில் வேடிக்கை இன்னும் அதிகம். குறுக்கே போகும் கம்பிகளில் எதிரெதிர்த் துருவங்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. எனவே அந்த இடத்தில் கரண்ட் இல்லாத சிறு துண்டு வைப்பார்கள். வந்த வேகத்திலேயே வண்டி அதைக் கடந்துவிட வேண்டும். நடுவில் நின்றால் தள்ளத்தான் வேண்டும். கம்பு கம்பியிலிருந்து நழுவினாலும் வண்டி நின்றுவிடும். நீண்ட கழியால் அதைப் பிடித்துத் திரும்ப மாட்ட வேண்டும்.

டிராலிபஸ் சாலையோரம் ஒதுங்கி ஆளை ஏற்றும், நிறுத்திய வண்டியைச் சுற்றிக்கொண்டு போகும். கம்பி இல்லாத தெருவுக்கு மட்டும் போகாது. போருக்குப் பின் நகரம் புதுப் பேட்டைகளாக விரிந்தது. டீசல் பஸ்ஸை நாளைக்கே புதுப் பாதையில் விடலாம். 1962 டிசம்பரோடு சிங்கப்பூரில் டிராலிபஸ் முடிந்தது. 1953இல் தொடங்கிய கொழும்பு டிராலிபஸும் 1964இல் நின்றது.

என் கணக்கில் தோற்றது மின்சாரம் அல்ல, கம்பிதான். கரண்டைப் பெட்டியில் அடைத்துச் சுமக்கும் பேட்டரி பஸ்கள் இப்போது சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடுகின்றன. 2030க்குள் பொதுப் பேருந்துகளில் பாதியை மின்சாரத்துக்கு மாற்றுவது அரசின் திட்டம்.