அப்பாவும் ஒரு பிடி மண்ணும்

அப்பா இறந்தபோது நான் வங்கியில் மேலாளர். மின்மயானத்தில் எரித்தோம், சாம்பலைக் காவிரியில் கரைத்தோம், காரியம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஓய்வுபெற்று அதே நிலத்தில் இயற்கை வேளாண்மையில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. ஐம்பது வருடம் அவர் உழுத மண்ணுக்கு அவரிடமிருந்து ஒரு பிடிகூடப் போய்ச் சேரவில்லை.

அதனால்தான், அமெரிக்காவில் மனித உடலை மட்கவைத்து எருவாக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் தேடித்தேடிப் படித்தேன். வாஷிங்டன் மாநிலம் 2019-ல் இதற்குச் சட்டம் இயற்றியது. 2020 மே முதல் நடைமுறை. இதற்கு முன்னின்றவர் கேத்ரினா ஸ்பேடு, கட்டடக்கலை படித்தவர். பண்ணைகளில் செத்த மாட்டை மரச்சீவலில் மூடி மட்கவைப்பதை அறிந்து, மனிதருக்கும் இது ஆகாதா என்று யோசித்தவர். அவருடைய 'ரீகம்போஸ்' நிறுவனம் 2020 டிசம்பரில் பணியைத் தொடங்கியது.

மூடிய கலத்தில் மரச்சீவல், வைக்கோல், நமக்குத் தெரிந்த குதிரைமசால் பரப்பி உடலைக் கிடத்துகிறார்கள். மேலேயும் அதையே போட்டு மூடி, காற்று செலுத்துகிறார்கள். நுண்ணுயிர்கள் பெருகச் சூடு ஏறும். கிருமிகள் சாக 55 டிகிரிக்குக் குறையாமல் 3 நாள் நிற்க வேண்டும். 5 முதல் 7 வாரத்தில் உடல் மண்ணாகிவிடும். எலும்பை அரைத்துச் சேர்த்து, இன்னும் சில வாரம் ஆறவிடுகிறார்கள். கிடைப்பது சுமார் 27 கன அடி மண். எபோலா போன்ற சில நோய்களில் இறந்தவர்களை ஏற்பதில்லை. கட்டணம் 7,000 டாலர் அளவில். நம் கணக்கில் ஐந்து லட்சத்துக்கு மேல்!

விலையை விடுங்கள், வேலையில் நமக்கு என்ன புதிது? உடலில் தழைச்சத்து, வைக்கோலிலும் சீவலிலும் கரிச்சத்து. கூடவே ஈரம், காற்று. நம் எருக்குவியலின் அதே கணக்குதான். ஆழக் குழியில் காற்று இல்லாததால் மட்க வருடக்கணக்கில் ஆகிறது. எரித்தாலோ தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது.

மனைவியிடம் மெல்லச் சொன்னேன். "நல்ல நாளும் அதுவுமா இதென்ன பேச்சு?" என்று திட்டினாள். இரண்டு நாள் கழித்து அவளே வந்தாள். "அதெல்லாம் நம்ம ஊர்ல ஆகாதுங்க. வேணும்னா சாம்பல்ல பாதிய ஆத்துல கரைச்சுட்டு, மீதிய நம்ம வயல்ல தூவச் சொல்றேன். பசங்ககிட்ட நீங்களும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க."

சாம்பலில் மிஞ்சுவது பெரும்பாலும் சுண்ணாம்பும் மணிச்சத்தும்தான். உப்பும் காரமும் உண்டு என்பதால் ஒரே இடத்தில் கொட்டாமல், தொழுவுரத்தோடு கலந்து பரவலாகத் தூவ வேண்டும். அதையும் சேர்த்தே பசங்களிடம் சொல்லிவிட்டேன். வங்கி பாஷையில் இது முழு வசூல் இல்லை, சமரசத் தீர்வு. அப்பாவுக்கு அதுகூட நான் செய்யவில்லையே.