காற்றில் வரும் தண்டழுகல்

ஏப்ரல், மே மாதங்களில் இங்கிலாந்தின் வயல்கள் மஞ்சளாகிவிடும். கடுகுக்கு நெருங்கிய உறவான ‘ரேப்’ என்னும் எண்ணெய்வித்துப் பயிர் பூக்கும் பருவம் அது. தண்டழுகல் நோய் வயலுக்குள் நுழைவதும் அப்போதுதான். ஆனால் தண்டு வெளுத்து, செடி சாயும்போதுதான் அது கண்ணில் படும். அதன்பின் எந்த மருந்தும் பயன் தராது.

இது ஸ்கிளிரோட்டீனியா என்ற பூசணத்தின் வேலை. ராஜஸ்தான், ஹரியானா கடுகு வயல்களையும் இது விட்டுவைப்பதில்லை. எலிப் புழுக்கை போன்ற இதன் கறுப்பு உருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். ஈரமும் இதமான வெப்பமும் வாய்த்தால், மண்ணுக்கு மேலே குட்டிக் கிண்ணங்களாக முளைத்து, ‘ஸ்போர்’ எனப்படும் நுண்ணிய வித்துகளைக் காற்றில் வீசும். ஒரு வித்தின் நீளம் மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. நலமான பச்சை இலையை நேரடியாகத் தாக்கும் தெம்பு அதற்கில்லை. உதிர்ந்த பூவிதழ்தான் அதன் முதல் உணவு. இதழோடு இலைக்கக்கத்தில் விழுந்து, அந்த இதழைத் தின்று வலுத்த பிறகே தண்டுக்குள் இறங்கும்.

ஆகவே, பூக்கும்போதே மருந்து தெளித்தாக வேண்டும். வித்து வந்துவிட்டதா என்பதைக் காற்றிடம்தான் கேட்க வேண்டும்.

அதற்கு வழிகாட்டியவர் ஹர்ஸ்ட். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த இவர், 1952-இல் ஒரு வித்துப் பொறியை விவரித்தார். அது நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை உறிஞ்சும். உள்ளே பசை தடவிய கண்ணாடித் தகடு மணிக்கு 2 மில்லிமீட்டர் நகரும். எந்த மணியில் எந்த வித்து வந்தது என்பது அதில் பதிந்துவிடும்.

ஆனால் நுண்ணோக்கியில் எண்ணி முடிக்க நாளாகும். ஒன்றுபோலத் தோன்றும் வித்துகளும் ஏராளம். பொறியில் சிக்கியவற்றின் டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. இன்னொரு வழி அதைவிட அழகு. இந்தப் பூசணம் ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்துதான் செடியின் திசுவை அழிக்கிறது. பிடிபட்ட வித்துகளை ஊட்டக் கரைசலில் வளரவிட்டு, அந்த அமிலம் சுரக்கிறதா என்று உணரிகளால் அறியலாம். செடியைக் கொல்லும் ஆயுதமே பூசணத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

வித்து வந்தாலே நோய் வந்துவிடாது. இதழ் உதிர வேண்டும், இலையில் ஈரம் நிற்க வேண்டும். மூன்றும் கூடும் நாளை உழவருக்கு முன்கூட்டிச் சொல்வதே காற்றைச் சோதிப்பதன் பயன். அன்று தெளிக்கும் மருந்துதான் பயிரைக் காக்கும்.